பாவு காயும் வரை

மிட்டாதார் என்னை நோக்கி நடந்து வந்தபோது என் இரு கைகளும் கயிற்றில் இருந்தன.

மார்கழி மாதத்துக் காலை. வெண்ணந்தூரில் எங்கள் தெருவை ஒட்டிய பாவடி, அதாவது நெசவாளர்கள் தறிக்கு ஏற்றும் நெடுக்கு நூலாகிய பாவை விரித்துக் கஞ்சி போடும் நீண்ட வெற்றிடம், பனியில் பாதி மறைந்திருந்தது. கவைக்கட்டைகளின்மேல் ஒரு பாவு கிழக்கு மேற்காக விரிந்து கிடந்தது. கஞ்சியின் இலேசான புளிப்பு மணம் காற்றில் நின்றது. நூலில் ஈரம் இன்னும் உலரவில்லை. பாவின் தலைக்கயிற்றைத் தோளோடு சேர்த்து இழுத்துப் பிடித்தபடி நான் நின்றிருந்தேன்.

வந்தவர் நான் பணியாற்றிய உயர்நிலைப் பள்ளியின் நிர்வாகக் குழுத் தலைவர். பல கிராமங்களுக்கு உடைமையாளர், சட்டம் பயின்றவர். மிட்டாதார் என்றே ஊரார் அவரைச் சொல்வர். பள்ளியில் தலைமையாசிரியர் பதவி காலியாக இருந்தது. அன்று முற்பகல் குழு கூடி அப்பதவிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கவிருந்தது. குழுவின்முன் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று என்னுடையது, மற்றொன்று கோயம்புத்தூர்க்காரர் ஒருவருடையது.

அப்படிப்பட்டவர் வருகிறார், எழுந்து நின்று கும்பிட வேண்டும். நின்றுதான் இருந்தேன். கும்பிடக் கை இல்லை.

ஒரு சிறு சொல்

அந்தக் காலையை இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம் ஓர் ஆங்கிலச் சொல். அண்மையில் என்னைக் காண வந்த பழைய சக ஆசிரியர் ஒருவர், காப்பியை ஆற்றியபடியே, "'சோர்' என்பதற்கு நேரான தமிழ்ச் சொல் எது?" என்று வினவினார். சி, எச், ஓ, ஆர், ஈ என்று எழுதப்படும் சொல் அது. அன்று முழுவதும் வேறு எதையும் என்னால் எண்ண முடியவில்லை.

பெரிய நூல்களில் அதிகம் தென்படாத எளிய சொல். வீட்டிலும் கொல்லையிலும் அன்றாடம் தவறாமல் செய்தாக வேண்டிய சிறு வேலைகளை அது குறிக்கும். பாத்திரம் துலக்குதல், கோழிக்குத் தீனி வைத்தல், விளக்கிற்கு எண்ணெய் வார்த்தல் ஆகியன போல. இன்று முழுமையாகச் செய்து முடித்தாலும், நாளைக் காலையில் தொடாதது போலவே வந்து நிற்கும் வேலைகள் இவை. கடைக்கோ தபாலாபீசுக்கோ ஒருவரை அனுப்பிச் செய்விக்கும் காரியத்திற்கு ஆங்கிலேயரிடம் வேறு சொல் இருக்கிறது. அதையும் இதையும் குழப்பலாகாது என்று மாணவர்களிடம் பலமுறை வற்புறுத்தியிருக்கிறேன்.

பெரும்பாலும் அச்சொல் பன்மையில்தான் வழங்கும். ஒன்று முடியும்போதே அடுத்தது காத்திருக்கும் என்பதாலோ என்னவோ.

தமிழில் 'எடுபிடி வேலை' என்கிறோம். 'சில்லறை வேலை' என்கிறோம். இரண்டிலும் ஓர் ஏளனம் ஒலிக்கிறது. வேலையைக் காட்டிலும் அதைச் செய்பவனை அளக்கும் சொற்கள் அவை. 'குற்றேவல்' பழமையும் அழகும் உடைய சொல். ஆயினும் அதனுள் ஏவுகிறவர் ஒருவர் இருக்கிறார். ஏவப்படுகிறவர் ஒருவர் இருக்கிறார். ஆங்கிலச் சொல்லில் அந்த இருவரும் இல்லை. வேலை இருக்கிறது, அருகில் இருப்பவர் செய்கிறார். அவ்வளவே.

என் மனைவி இச்சொல்லை என்னிடமிருந்து கற்று என்மீதே பயன்படுத்தினார். கடிகாரத்திற்குச் சாவி கொடுப்பது ஒன்றே வீட்டில் என் பொறுப்பு. ஞாயிறு தவறினால், "உங்க சோர் அப்படியே கெடக்குதுங்க" என்பார், உறவினர் எதிரிலேயே. அவர்கள் அதை ஏதோ மருந்தின் பெயர் என்று எண்ணியிருக்கக் கூடும்.

பேராசிரியரின் விளக்கு

இச்சொல்லை நான் முதன்முதலில் கேட்டது திருச்சிராப்பள்ளியில், கல்லூரியில் பயின்ற நாட்களில்.

எங்கள் ஆங்கிலப் பேராசிரியர் ஸ்காத்லாந்து நாட்டவர், மணமாகாதவர். அவருக்குச் சமையற்காரரும் தோட்டக்காரரும் உண்டு. இருந்தும் மேசை விளக்கின் கண்ணாடிக் கூண்டை வேறொருவர் தொட அவர் இசைவதில்லை. ஒரு மாலையில் கட்டுரையைத் திருத்தித் தருமாறு கேட்கச் சென்றேன். முழங்கை வரை சட்டையை மடித்துக்கொண்டு, சாம்பலும் பழந்துணியுமாக அவர் கீழே அமர்ந்திருந்தார். "சற்றுப் பொறும், இந்தச் சோர் முடியட்டும்" என்றார்.

எனக்கு நேர்ந்த அதிர்ச்சியை இக்காலத்து இளைஞர்கள் உணர மாட்டார்கள். எங்கள் விடுதியில் வசதி படைத்த மாணவர்கள் வேட்டி துவைக்க ஊரிலிருந்தே ஆள் கொண்டுவந்திருந்தனர். படித்தவன் கை வெளுப்பாக இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். இங்கோ எங்கள் எல்லோருக்கும் மேலானவர் கரிபடிந்த கையுடன் இருந்தார்.

அவரிடம் நான் கற்ற இலக்கணம் பெரிது. ஆனால் அந்தக் கரியைக் கழுவிவிட்டு அதே கையால் அவர் என் கட்டுரையை வாங்கிய விதம்தான் மனத்தில் நிற்கிறது. இரண்டு வேலைக்கும் நடுவே அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

கைக்குக் கை

ஊர் திரும்பி ஆசிரியர் பணியில் அமர்ந்தேன். எங்கள் வீட்டில் தந்தை காலத்திற்குப் பின் தறியை நடத்தியவர் என் அண்ணன். என்னைப் படிக்க வைத்தவரும் அவரே.

பாவடிக்கு ஒரு முறை உண்டு. ஒரு வீட்டார் பாவு விரித்தால் தெருவிலுள்ள மற்ற வீடுகள் ஆளுக்கொரு கை தர வேண்டும். ஒருவர் கயிறு பிடிப்பார். ஒருவர் இழைகளைப் பிரித்து நிறுத்தும் கோல் பிடிப்பார். இருவர் நீண்ட நார்த் தூரிகையைப் பாவின்மேல் இழுத்துச் செல்வர். பெண்கள் அறுந்த இழைகளை முடிவர். கஞ்சி காய்வதற்குள் எவரேனும் கையை விட்டால் பாவு தொய்ந்து இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்தப் பாவு தறிக்கு ஆகாது. ஆகவே, வந்த கை பாவு காயும் வரை நிற்க வேண்டும். கை தராத வீட்டின் பாவுக்கு எவரும் வாரார். கூலி இல்லை, நன்றி கூறுவதும் இல்லை. சட்டம் இதுவே.

எங்கள் வீட்டுக் கையாக அண்ணனே சென்று வந்தார். நான் செல்வதில்லை. என் குலத்தொழிலைக் குறித்து எனக்கு வெட்கம் இருந்ததில்லை. பதவியைக் குறித்து எச்சரிக்கை இருந்தது. குழு உறுப்பினரான ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், "தலைமையாசிரியர் பாவடியில் நின்றால் பள்ளியின் கௌரவம் என்னாவது?" என்று பலர் எதிரில் பேசியதை நான் அறிவேன். அவருடைய குடை எந்த வீட்டு நாற்காலியில் சார்த்தியிருக்கிறதோ அந்த வீட்டில் அன்று ஒரு மனிதரின் பெயர் தேயும் என்பது எங்கள் பக்கத்தில் தெரிந்த செய்தி. அவர் வாயில் என் பெயரை வைக்க நான் விரும்பவில்லை.

குழு கூடவிருந்த நாளுக்கு முந்தைய மாலை அண்ணனுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. விடிந்தால் நாச்சியம்மாள் வீட்டுப் பாவு. அதற்கு மறுநாள் எங்கள் வீட்டுப் பாவு. பொங்கலுக்குள் நெய்து தருவதாக அண்ணன் வாக்குக் கொடுத்திருந்த சேலைகள் அதில்தான் இருந்தன.

நாச்சியம்மாள் எங்கள் எதிர்வீட்டுக்காரர், கணவரை இழந்தவர், இரண்டு தறிகளைத் தாமே நடத்தினார். அவர் நாக்கிற்குத் தெருவே அஞ்சும். அவரிடம் சென்று, அண்ணனுக்குப் பதிலாகக் கூலியாள் ஒருவரை அனுப்புகிறேன் என்றேன். அவர் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் இராட்டையை நிறுத்தவே இல்லை.

"கூலியாள் கை உங்க ஊட்டுக் கை ஆகுமுங்களா? கூலியாள் வந்தா, நாளைக்கு உங்க பாவுக்கும் தெருவுல எல்லாரும் கூலியாளத்தான் அனுப்புவாங்க. அப்பறம் நூலுக்கும் கூலியாள் மேல பாசம் வராதுங்க."

வீட்டிற்கு வந்தேன். அண்ணன் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். போ என்றும் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. அண்ணி மட்டும் வாசலில் வந்து, "நாங்க எப்படியாச்சும் பாத்துக்கறோம், தம்பி. உங்களுக்கு நாளைக்குக் கூட்டமிருக்குது" என்றார். அப்படிச் சொன்ன பிறகு போகாமல் இருப்பது எப்படி?

கோட்டுடன் சென்றேன்

விடியற்காலையில் கோட்டும் தலைப்பாகையுமாகப் பாவடிக்குச் சென்றேன். பள்ளி ஆசிரியர் ஒருவர் அண்டை வீட்டிற்கு உதவ வந்திருக்கிறார் என்பது பார்ப்பவர்க்குத் தெளிவாக விளங்க வேண்டும் என்று கருதினேன். அக்கருத்தில் பிழை இருந்ததாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

நாச்சியம்மாள் மேலும் கீழும் பார்த்தார். "கோட்டுக்கும் சேத்துக் கஞ்சி போட்டுறலாங்களா, வாத்தியாரே?"

தூரிகை பிடித்திருந்த பழனியப்பர் இருமுவதுபோல் சிரித்தார். கோட்டைக் கழற்றி மடித்து, கஞ்சி படாத தொலைவில் ஒரு கல்மேல் வைத்தேன். கயிற்றை வாங்கினேன். சிறுவயதில் பிடித்த கயிறு. தோள் அதை மறக்கவில்லை.

பனி கனமாக இருந்ததால் கஞ்சி காயவில்லை. வெயிலை எதிர்பார்த்து எல்லோரும் பிடித்தபடியே நின்றோம். அப்போதுதான் மிட்டாதார் வந்தார்.

குளிருக்காக ஒரு சாதாரணச் சால்வையைத் தலையோடு சுற்றியிருந்தார். குழு கூடுமுன் என்னை நேரில் காண வந்தவர், பாவு வழியை அடைத்திருந்ததால் மோட்டாரைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார். அருகில் வந்து என்னை அழைத்த குரலைக் கேட்ட பிறகே நானும் உறுதியாக அறிந்தேன். மற்றவர்களுக்கு அவர் பனியில் வந்த யாரோ ஒருவர்.

நான் தலை தாழ்த்தினேன். "கை விட இயலாத நிலை. பொறுத்தருள வேண்டும்" என்றேன்.

அவர் ஆங்கிலத்தில், காலை நேரங்களில் என் தொழில் இதுதானா என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. நீதிமன்றத்தில் சாட்சியைக் கேட்கும் குரல். கோபத்தைவிட அது எனக்கு அச்சத்தைத் தந்தது. தொழில் அன்று, ஒரு சோர் என்று ஆங்கிலத்திலேயே விடை கூறினேன். திருச்சிராப்பள்ளிச் சொல் அந்த நேரத்தில் எப்படி வாய்க்கு வந்தது என்று தெரியாது.

அவர் மேற்கொண்டு ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் பின்னாலிருந்து நாச்சியம்மாள், கோல் ஒன்றுடன் விரைந்து வந்தார்.

சும்மா நின்றவர்

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பாவு விரித்திருக்கும்போது பாவடிக்குள் நிற்பவர் எவராயினும் அவர் கை கொடுக்க வந்தவர் என்பதே எங்கள் தெருவின் முடிவு. வேடிக்கை பார்ப்பவர் சாலையில் நிற்பர். உள்ளே காலெடுத்து வைத்தவருக்கு வேறு நோக்கம் இருக்கலாம் என்று எவரும் நினைப்பதே இல்லை.

"சும்மா நிக்கறதுக்கு இதென்னங்க கோயில் வாசலா?" என்றார் நாச்சியம்மாள். "இந்தக் கோலப் புடிங்க, சாமி. ரெண்டு கையிலயும். இழ பாத்து."

கோல் மிட்டாதார் கைக்குப் போய்விட்டது.

நான் வாய் திறந்திருக்கலாம். "அம்மா, இவர் மிட்டாதார்" என்று ஒரு சொல் போதும். சொன்னால் என்ன நிகழும் என்பதையும் கண்டேன். தூரிகை நிற்கும், கைகள் குவியும், கோல்கள் விழும். அந்தப் பெண்மணியின் பல நாள் உழைப்பு மண்ணில் ஒட்டிக்கொள்ளும். சொல்லாவிட்டால் என் பதவி அந்தக் கோலோடு போகும். நான் கயிற்றை இன்னும் சற்று இறுக்கினேன், பேசவில்லை.

மிட்டாதார் கோலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரு கைகளாலும் பிடித்தார். பிடிக்கத் தெரியவில்லை. ஒரு பக்கம் தாழ்ந்தது.

"இழுக்காதீங்க. தூங்கற புள்ளயத் தூக்கற மாதிரி புடிங்க" என்றார் நாச்சியம்மாள். சற்றுக் கழித்து, "எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

அவர் ஊரைச் சொன்னார்.

"அந்த ஊருல கோல் புடிக்கச் சொல்லித் தரமாட்டாங்க போலிருக்குது" என்று சொல்லிவிட்டு நாச்சியம்மாள் அறுந்த இழை ஒன்றை முடிந்தார்.

நேரம் சென்றது. பனி மெல்லக் கலைந்தது. வெயில் பாவின்மேல் விழுந்து நூல் வெளிறத் தொடங்கிற்று. இளஞ்சூட்டில் மிட்டாதாரின் சால்வை தலையிலிருந்து நழுவித் தோளில் விழுந்தது. எதிர்ப்பக்கமிருந்து தூரிகையுடன் வந்த பழனியப்பர் அந்த முகத்தைக் கண்டார். மிட்டாவின் கச்சேரிக்கு வரி கட்டச் சென்றவர் அவர், முகம் தெரியும். அப்படியே நின்றுவிட்டார். அவர் உதடு அசைந்ததைக் கண்டு அடுத்தவருக்கும் புரிந்தது. செய்தி பாவின் இரு பக்கமும் ஓடிற்று.

நாச்சியம்மாளுக்கும் எட்டியது. அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். ஆனால் கையிலிருந்த இழையை அவர் விடவில்லை.

"மிட்டாதாரய்யாவா இருந்தாலும் கோலு கீழ போனா பாவு போயிருமுங்க" என்றார். குரல் நடுங்கியது, சொல் நடுங்கவில்லை. "காயட்டுமுங்க. காஞ்சதுக்கப்பறம் கால்ல உழுந்து கும்புட்டுக்கறேன்."

எல்லோரும் மிட்டாதாரையே பார்த்தோம்.

"காயட்டும்" என்றார் மிட்டாதார்.

யார் ஏவியது?

பாவு காய்ந்தது. கோலை அவர் கையிலிருந்து வாங்கும் துணிவு எவருக்கும் வரவில்லை, நானே வாங்கினேன். நாச்சியம்மாள் சொன்னபடி காலில் விழ முனைந்தார். மிட்டாதார் ஒதுங்கி நின்று, அது வேண்டாம், கை கழுவத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லும் என்றார்.

கழுவியபடியே என்னிடம், "நீர் சொன்ன சொல்லை மறுபடி சொல்லும்" என்றார். எழுத்துகளைக் கூட்டிச் சொன்னேன், பொருளையும் விளக்கினேன்.

"குற்றேவல்தானே?"

"அன்று. குற்றேவலில் ஏவுகிறவர் ஒருவர் உண்டு. இதில் இல்லை."

அவர் நாச்சியம்மாள் நின்ற திசையைப் பார்த்தார். "இல்லையா? என்னை நன்றாகவே ஏவினாரே."

"தங்களை ஏவியது ஈரப் பாவு. அந்த அம்மையார் அதன் வாயாக இருந்தார், அவ்வளவே" என்றேன்.

அவர் கையை உதறிவிட்டு, குழுவிற்கு நேரத்தில் வந்துவிடும் என்று சொல்லிச் சென்றார். அந்த முகத்திலிருந்து என்னால் எதையும் படிக்க முடியவில்லை. வீட்டிற்குப் போய்க் குளித்துப் பள்ளிக்குச் சென்றேன். வழி நெடுகக் கோயம்புத்தூர்க்காரருக்கு வாழ்த்துச் சொல்லும் வாக்கியங்களை மனத்தில் அமைத்துக்கொண்டே போனேன். நல்ல வாக்கியங்கள், பயன்படாமற் போயின.

குழுவின் முன்

என்னை உள்ளே அழைத்து அமரச் செய்தனர். பாடத்திட்டம், ஒழுங்கு, கட்டிட விரிவு ஆகியவை குறித்து வினவினர். தகுந்த விடைகளைக் கூறினேன். இறுதியில் தாசில்தார் தொண்டையைச் செருமினார். இன்று காலையில் நான் பாவடியில் நின்றதாகத் தமக்குச் செய்தி வந்திருப்பதாகவும், அது உண்மையா என்பதைக் குழு அறிய வேண்டும் என்றும் சொன்னார். பாவு காய்ந்த வேகத்தைவிடச் செய்தி வேகமாகச் சென்றிருக்கிறது.

"உண்மை" என்றேன்.

"அங்கே என்ன வேலை உமக்கு?"

நான் விடை கூறுமுன் மிட்டாதார் பேசினார்: "அவர் கயிறு பிடித்தார். நான் கோல் பிடித்தேன்."

தாசில்தார் அதை நகைச்சுவை என்று கொண்டு சிரித்தார். மிட்டாதார் சிரிக்கவில்லை. சால்வையின் ஓரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். கஞ்சி காய்ந்து, விரல் நீளத்திற்கு வெள்ளைக் கறையாக விறைத்திருந்தது. உறுப்பினர் ஒருவர் அதைத் தொட்டுக்கூடப் பார்த்தார்.

"அந்தப் பெண் விடவில்லை" என்றார் மிட்டாதார். "இவர் என் பெயரைச் சொல்லித் தம்மைக் காத்துக்கொண்டிருக்கலாம். சொல்லவில்லை. பிறர் வேலை கெடாமல் வாயை அடக்கத் தெரிந்தவர் பள்ளிக்கு வேண்டும் என்று நினைக்கிறேன். கௌரவத்தைப் பற்றி வேறு கேள்வி உண்டா?"

தாசில்தார், கைத்தொழிலுக்கு ஆதரவு தருவது இக்காலத்தில் மிகவும் போற்றத்தக்கதே என்று தாம் எப்போதும் கருதி வந்திருப்பதாகத் தெரிவித்தார்.

தேர்வு ஒருமனதாயிற்று. என் தகுதியாலும் பணியாலுமே அப்பதவி எனக்குக் கிடைத்தது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நாச்சியம்மாள் வீட்டுப் பாவு நடுவில் கிடந்த ஒரு தடையை மட்டும் நீக்கிற்று.

மாலையில் வீடு திரும்பினேன். அண்ணனுக்குக் காய்ச்சல் சற்று இறங்கியிருந்தது. செய்தியைக் கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு எதிர்வீட்டிற்குச் சென்றேன். நாச்சியம்மாள் காய்ந்த பாவைச் சுருட்டி உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். இனி நான் தலைமையாசிரியர் என்று தெரிவித்தேன்.

"அப்படீங்களா. நல்லதுங்க, சாமி" என்றார், மனமார. பாவை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு உங்க ஊட்டுப் பாவுக்கு நானும் என்ற கொளுந்தியாளும் வாரோம். தெருவுல எல்லாத்துக்கும் சொல்லிப்போட்டேன். அண்ணன் படுத்திருக்கட்டும். நீங்க நேரத்தோட எந்திரிச்சுப் போடுங்க."

நேரத்தோடு எழுந்தேன். தலைமையாசிரியர் என்ற பெயருடன் நான் ஆற்றிய முதற்பணி, என் அண்ணனுடைய பாவின் தலைக்கயிற்றைப் பிடித்து நின்றதுதான்.